எதிர்காலம் இல்லாத ஊர்கள்

கடந்த இதழில் நியூஜேர்சி நண்பர் எழுதிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அரசின் காசை எதிர்பார்த்திராமல் எங்கள் கிராமங்களைப் புலம்பெயர்ந்தோரே கட்டியெழுப்ப வேண்டும் என்பது அவருடைய வாதம். அவரோடு எனக்கு முப்பது வருடப் பழக்கம். அவர் எழுதியதில் முக்கால்வாசியை நானே ஊர்ச்சங்கக் கூட்டங்களில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். ஆகவே இந்தக் குறிப்பை அவருக்கான பதிலாக மட்டும் எடுக்கவேண்டாம். அந்த ஒலிவாங்கிக்காரனுக்கும் இதில் பங்குண்டு.

நண்பர் சொல்வது இதுதான். கொழும்பு எங்களுக்குத் தராது. தந்தாலும் அதன் பின்னால் ஒரு முகாமோ, ஒரு விகாரையோ, ஒரு குடியேற்றமோ வரும். மாகாண சபைக்கு அதிகாரமுமில்லை, பணமுமில்லை. பிரதேச சபைக்கு வீதி விளக்குக்குக் குமிழ் போடவே காசு பிடிக்காது. மறுபக்கத்தில் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், நியூஜேர்சி, ஹூஸ்ரன், பே ஏரியா என்று எங்களிடம் பணம் இருக்கிறது. ஆனால் அது எல்லா ஊருக்கும் போதாது. இளையவர்கள் வெளியேறிவிட்ட ஊர்கள் தாமாகவே தேய்ந்துகொண்டிருக்கின்றன; இது உலகம் முழுவதும் நடக்கிற இயற்கையான விடயம். எதிர்காலமுள்ள ஊர்களைத் தெரிந்தெடுத்து அங்கே பணத்தைப் போடுவதே விவேகம்.

முதற் பகுதியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 'தாமாகவே', 'இயற்கையான', 'எதிர்காலமுள்ள' என்ற மூன்று சொற்களில்தான் தடக்கி விழுந்தேன். ஏனென்றால் இவற்றை, ஏறக்குறைய இதே பொருளில், நான் குடியிருக்கும் கலிபோர்ணியாவின் அரச ஆவணம் ஒன்றில் சந்தித்திருக்கிறேன்.

பிறீமொன்ற்றிலிருந்து மலைத்தொடரைக் கடந்து 99ஆம் இலக்க நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் மொடெஸ்ரோ, மேர்செட், பிறெஸ்னோ என்று ஊர்கள் வரும். அதற்கும் அப்பால் துலாரே கவுண்டி. கவுண்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரி, ஆனால் சனங்கள் தெரிவுசெய்த சபை அதை ஆளுகிறது. அமெரிக்காவிலேயே அதிக பெறுமதிக்கு விவசாய விளைபொருள் தரும் கவுண்டிகளில் இதுவும் ஒன்று. பால், தோடை, திராட்சை எல்லாம் இங்கிருந்து போகின்றன. எங்கள் வீட்டு மேசையில் இருக்கிற தோடம்பழமும் இங்கிருந்துதான் வந்திருக்கும்.

1971ஆம் ஆண்டு இந்தக் கவுண்டி தன் பொதுத் திட்டத்தை வகுத்தபோது பதினைந்து சிற்றூர்களைத் தனியே பிரித்து வைத்தது. இவற்றுக்கு உண்மையான எதிர்காலம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு அல்லது இல்லை. ஆகவே இவற்றில் அரச பணத்தைப் போடுமுன் நன்றாக யோசிக்கவேண்டும். குடிநீர், கழிவுநீர் போன்ற பெரிய வசதிகளைக் கொடுக்காமல் விட்டால் இவை காலப்போக்கில் இயற்கையாகத் தேய்ந்துபோகும், சனங்கள் வசதியான அயலூர்களுக்குப் போய்விடுவார்கள். திட்டம் சொன்னதன் சாரம் இது. யாரும் திருடி வெளியிட்ட இரகசிய ஆவணமல்ல. சபை கூடி ஏற்று அச்சடித்து நூலகத்தில் வைத்தது.

இலக்கியப் பிரதிகளை நாம் வாசிக்கும் விதத்தில் இந்தப் பகுதியையும் வாசித்துப் பார்க்கலாம். தண்ணீரைக் கொடுக்காமல் விடுவது ஒரு செயல். அதைச் செய்ய ஆள் வேண்டும், கூட்டம் வேண்டும், கையொப்பம் வேண்டும். ஆனால் வசனம் முடிவதற்குள் அந்தச் செயல் இயற்கையாகிவிடுகிறது. குழாயைப் போடாதவன் வசனத்தின் தொடக்கத்தில் நிற்கிறான். கடைசியில் அவனைக் காணவில்லை, மழை பொய்த்ததுபோல ஒரு நிகழ்ச்சி மட்டும் கிடக்கிறது. பத்து வருடம் கழித்து ஒரு உத்தியோகத்தர் வந்து தலைகளை எண்ணுவார். குறைந்திருக்கிறது என்று கண்டால், அன்றைக்கே சொன்னோம் என்று எழுதிவிட்டுப் போவார். தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு அதற்குச் சாட்சியத்தைப் பிறகு தயாரிப்பது என்றால் இதுதான்.

நியூஜேர்சியில் இருப்பவருக்கு இது உடனே விளங்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அங்கே நிலம் முழுவதும் ஏதோ ஒரு ஊராட்சிக்குள் அடங்கும். இன்று 564 ஊராட்சிகள். எவ்வளவு சிறிய இடமென்றாலும் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு உண்டு. கலிபோர்ணியாவில் அப்படியில்லை. நகரசபை எல்லைக்கு வெளியே கிடக்கும் குடியிருப்புகளுக்குக் கவுண்டிதான் எல்லாம். கவுண்டி கைவிட்டால் கேட்க ஆளில்லை. அந்த எல்லைகள் எப்படி வந்தன என்பதும் தற்செயலல்ல. துலாரே நகரத்தின் ஓரத்தில் மதனி ட்ராக்ற் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. நகரத்துக்குள் குடியிருக்க விடப்படாத கறுப்பினத்தவர்கள் ஒதுங்கிய இடம் அது. நகரத்துக் குழாய் அருகில் ஓடியது. இவர்களுடைய கிணற்றில் ஆர்சனிக் இருந்தது. பிற ஊர்களில் 1930களின் புழுதிப்புயலுக்குத் தப்பி ஓக்லஹோமாப் பக்கமிருந்து வந்த வெள்ளையர்கள் முதலில் இருந்தார்கள். அவர்கள் நகர்ந்த பிறகு மெக்சிக்கத் தோட்டத் தொழிலாளர்கள் வந்தார்கள். பழம் பிடுங்க அவர்கள் வேண்டும். அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத்தான் எதிர்காலம் போதவில்லை.

அந்தப் பதினைந்தில் ஒன்றான ரூல்வில்லுக்குச் சில வருடங்களுக்கு முன் போனேன். ஆராய்ச்சிக்கெல்லாம் இல்லை. செக்கோயா மரங்களைப் பார்க்கப் பிள்ளைகளோடு போகிற வழி. இரண்டே தெருக்கள், எண்பது வீடுகள் வரை. வாசல்களில் தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கியிருந்தன. கிணற்று நீரில் நைத்திரேற்றும் குரோமியமும். தெரு முடிகிற இடத்தில் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் கண்ணாடிபோல ஓடுகிறது பிறையன்ட்-கேர்ன் கால்வாய். மத்திய அரசு கட்டி 1951இல் முடித்தது. சுமார் 150 மைல் நீளம். அந்தத் தண்ணீர் தோட்டங்களுக்குப் போகிறது. என்னுடைய மகள் வேலியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இந்த ஆக்கள் ஏன் இதிலை அள்ளிக் குடிக்கேலாது?" என்றாள். அது வேறை ஆக்களின்ரை தண்ணியம்மா என்று சொன்னேன். வேறெதைச் சொல்வது?

மைல் தூரம்கூட இல்லாத எக்ஸெற்றர் நகரம் தன் குழாயை நீட்டினால் போதும். 2000களின் தொடக்கத்திலிருந்து ரூல்வில் சனங்கள் இதைக் கேட்டார்கள். 2019இல் நகரசபை மறுத்தது. 2021இல் மாநிலம், அயல் நகரத்தோடு இணைக்கும்படி கட்டளையிடும் தன் அதிகாரத்தைப் புதிய சட்டத்தால் பலப்படுத்தியது. அதன் பிறகே நகரசபை இறங்கி வந்தது. நல்லெண்ணத்தால் வராதது கட்டளையால் வந்தது. மதனி ட்ராக்ற்றுக்கும் அப்படித்தான். 2015இன் சட்டத்தை வைத்து மாநிலம் கட்டாயப்படுத்திய முதலாவது இணைப்பு அதுவே.

இங்கே நண்பரின் வாதத்துக்கு உள்ளேயே இருக்கிற ஒரு குழப்பத்தைக் கவனிக்கவேண்டும். கிராமத்துக்கு அரசு பணம் தருவதில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். துலாரேக்கு மத்திய அரசு கொட்டிய பணம் கொஞ்சமல்ல. அணையும் கால்வாயும் பொதுப்பணம்தான். அது கிராமப்புறத்துக்குப் போனது, கிராமத்தவரிடம் போகவில்லை. இந்த வித்தியாசத்தை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன் பின் வந்த மகாவலியும் கிராம அபிவிருத்தி என்ற பெயரில்தான் வந்தன. எந்தக் கிராமம், யாருடைய கிராமம் என்று கேட்டவர்கள் துரோகிகளாகவும் இனவாதிகளாகவும் பட்டம் வாங்கினார்கள். ஆக, அரச பணத்தின் மேல் எங்களுக்குள்ள சந்தேகம் நியாயமானது. 2009க்குப் பிறகு வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் முன்பள்ளிகள் நடந்தன. மற்றைய முன்பள்ளி ஆசிரியைகளுக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு சம்பளம் அங்கே கிடைத்தது. சம்பளம் எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதை அந்தப் பிள்ளைகளின் தாய்மார் அறியாதவர்களல்ல. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. இந்தச் சந்தேகத்திலிருந்து நாம் எங்கே போய்ச் சேர்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

நான் போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊர் தீவுப்பகுதியில் இருக்கிறது, பெயர் வேண்டாம். கிணறுகள் உவர். பங்குனி கடந்தால் தண்ணீர் பவுசரைப் பார்த்துக்கொண்டு குடங்கள் வரிசையில் நிற்கும். 2013இல் நாங்கள் இங்கே ஒரு பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கொத்துரொட்டியும் நடன நிகழ்ச்சியும் வைத்துப் பணம் சேர்த்தோம். ஊர்ப் பாடசாலையில் நீர் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று வைத்தோம். பளிங்குக் கல்லில் பெயர்கள், என் பெயரும் உட்பட. திறப்பு விழாவின் வீடியோவை இன்றைக்கும் என்னால் பார்க்க முடியவில்லை. பதினான்கு மாதம் ஓடியது. பிறகு சவ்வு பழுதாகிவிட்டது, மாற்றவேண்டும் என்று அதிபர் கடிதம் போட்டார். மின்சாரக் கட்டணம் பாடசாலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றும், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற பொடியனுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தார். சங்கம் கூடியது. நாங்கள் கட்டிக் கொடுத்துவிட்டோம், பராமரிப்பு அவர்களுடைய பொறுப்பு என்று முடிவாயிற்று. பொருளாளர் என்ற முறையில் பதிலை எழுதியவன் நான். நல்ல தமிழில், மரியாதையாக எழுதினேன். இயந்திர அறையில் இப்போது கதிரை மேசைகள் அடுக்கியிருப்பதாகக் கேள்வி.

அந்தக் கடிதத்தை எழுதிச் சில வருடங்களின் பின்தான் லனேரைப் பற்றிப் படித்தேன். பிறெஸ்னோ கவுண்டியில் உள்ள சிற்றூர். கிணற்றில் ஆர்சனிக். 13 இலட்சம் டொலர் மத்திய அரசின் நிதியில் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். ஓடத் தொடங்கிச் சில மாதங்களில், 2007இல், அது மூடப்பட்டது. இயந்திரத்தில் குறையில்லை. அதை ஓட்டுகிற செலவை அந்தச் சிறிய ஊரின் ஏழைக் குடும்பங்களால் தாங்க முடியவில்லை. கடன் மட்டும் அவர்கள் தலையில் மிஞ்சியது. குடிக்க முடியாத தண்ணீருக்கு மாதக் கட்டணம், குடிப்பதற்குப் போத்தல் தண்ணீர். கட்டுவதற்கு நிதியுண்டு, ஓட்டுவதற்கு இல்லை. உலகப் பணக்கார மாநிலத்தின் அரசாங்கமும் எங்கள் ஊர்ச்சங்கமும் ஒரே புத்தியோடு வேலை செய்திருக்கிறோம் என்று அறிந்தபோது வெட்கத்தோடு ஒரு ஆறுதலும் வந்ததை மறைக்கவில்லை.

இலங்கையின் வரவுசெலவுத் திட்டத்தில் மூலதனச் செலவினம், மீண்டெழும் செலவினம் என்று இரண்டு உண்டு. மீண்டெழும் என்ற சொல்லை யார் ஆக்கினாரோ, அவருக்குத் தமிழும் தெரிந்திருக்கிறது, கணக்கும் தெரிந்திருக்கிறது. ஆசிரியரின் சம்பளம், படகுக்கு டீசல், பம்பிக்கு மின்சாரம், மருத்துவிச்சியின் படி எல்லாம் மாதாமாதம் மீண்டெழுபவை. ஊர் உயிரோடிருப்பது இவற்றில்தான். எங்களுடைய கொடை எப்போதும் மூலதனம்: மண்டபம், மதில், வளைவு, இயந்திரம், கோபுரம். படம் எடுக்கக்கூடியவை. மாதம் தவறாமல் இருபது வருடத்துக்கு ஒரு மருத்துவிச்சியின் சம்பளத்தைக் கொடுப்பதற்கு எந்தச் சங்கமாவது கொத்துரொட்டி விற்றதாக நான் கேள்விப்படவில்லை. விற்கவும் முடியாது. அது வரியால் மட்டுமே நடக்கக்கூடிய காரியம். வரியை வைத்திருப்பது அரசு. எங்கள் விருப்பு வெறுப்புக்கு அப்பாற்பட்ட கணக்கு இது.

'நாமே செய்வோம்' என்பதை நான் கேலி செய்வதாக எண்ணவேண்டாம். யாழ்ப்பாணத்துக்கு அதில் நல்ல வரலாறு உண்டு. 1930களில் மூளாயில் கூட்டுறவு ஆஸ்பத்திரி எழுந்தது. அதற்கு அங்கத்தவர்கள் இருந்தார்கள், சந்தா இருந்தது, கூட்டுறவுச் சட்டம் இருந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் பண்ணைகளில் பத்துக்கு ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. நாட்டுப்புறத்துக்குக் கம்பி இழுத்தால் இலாபமில்லை என்று கம்பனிகள் கைவிரித்தன. 1936இல் மத்திய அரசு சட்டம் போட்டுக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து தாங்களே கம்பத்தை நட்டார்கள். இரண்டு இடத்திலும் சனங்களின் உழைப்பு உண்டு, பின்னால் ஒரு பொதுக் கட்டமைப்பும் உண்டு. பளிங்குக் கல்லில் பெயர் வெட்டிவிட்டு விமானம் ஏறுகிறவர் அங்கே இல்லை.

ஹூஸ்ரன் நண்பர் ஒருவர் இதைப் பற்றிக் கதைத்தபோது, சனங்கள் ஏன் தண்ணீரில்லாத இடத்தில் காணி வாங்குகிறார்கள் என்று கேட்டார். அவருடைய மாநிலத்திலேயே மெக்சிக்க எல்லையோரம் கொலோனியாக்கள் என்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகள். ஐந்து இலட்சம் பேர் வரை. காணி வியாபாரிகள் குழாயும் வடிகாலும் இல்லாத துண்டுகளைத் தவணைக்கு விற்றார்கள். வேறெங்கும் வாங்க வழியில்லாதவர்கள் வாங்கினார்கள். 1989இல்தான் ரெக்சாஸ் இதற்கென்று ஒரு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. பணம் முடிய முடிய வாக்காளர்களிடம் போய்க் கடன்முறிக்கு அனுமதி கேட்கவேண்டும். கடைசியாக 2019இல் 20 கோடி டொலருக்குச் சம்மதித்தார்கள். வரி என்றால் முகத்தைச் சுளிக்கிற ரெக்சாஸ்காரர்கள். ஹூஸ்ரன் நண்பர் அந்த வாக்குச்சீட்டை நிரப்பியதாக ஞாபகமில்லை என்றார்.

துலாரேயின் தென்மேற்கு மூலையில் இன்னொரு ஊர், அலன்ஸ்வேர்த். 1842இல் கென்ரக்கியில் அடிமையாகப் பிறந்து, இராணுவத்தில் மதகுருவாகி, லெப்ரினன்ட் கேணலாக ஓய்வு பெற்ற அலன் அலன்ஸ்வேர்த் 1908இல் தோழர்களோடு நிறுவியது. கறுப்பினத்தவர் தாங்களே காணி வாங்கி, தாங்களே பாடசாலையும் நூலகமும் நடத்தி, தாங்களே ஆளுகிற ஊர். நாமே செய்வோம் என்பதற்கு இதைவிடத் துணிந்த உதாரணம் கலிபோர்ணியாவில் இல்லை. காணி விற்ற கம்பனி வாக்களித்த தண்ணீரைத் தரவில்லை. 1914இல் புகையிரதக் கம்பனி நிறுத்தத்தை அயலூருக்கு மாற்றியது. அதே வருடம் கேணல் மோட்டார்சைக்கிள் மோதி இறந்தார். நிலத்தடி நீர் வற்றியது, கிணற்றில் ஆர்சனிக் வந்தது, சனங்கள் கலைந்தார்கள். 1970களில் மாநிலம் அந்த இடத்தை வரலாற்றுப் பூங்காவாக்கி, பாடசாலையையும் கேணலின் வீட்டையும் பழையபடி கட்டிப் பராமரிக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் பூங்காவின் வேலிக்கு வெளியே இன்றைக்கும் ஒரு அலன்ஸ்வேர்த் இருக்கிறது. அங்கே உயிரோடிருப்பவர்கள் ஆர்சனிக்கோடு பல வருடம் போராடினார்கள். இறந்த ஊருக்குப் பணம் வந்தது.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் தீவுகளே ஞாபகம் வந்தன. வீடுகள் பாழடைந்து கூரைக்குள்ளால் ஆலமரம் முளைத்த ஒழுங்கைகளின் முடிவில் புதுவர்ணம் பூசிய இராஜகோபுரங்கள். திருவிழாவுக்குப் பத்து நாள் விமானத்தில் வருகிறோம். ஊர் மலர் போடுகிறோம், பழைய படங்களைத் தேடி எடுத்துப் பளபளப்பான தாளில் அச்சடிக்கிறோம். அந்தப் பூங்காவைக் கட்டுவதில் எங்களுக்கிருக்கிற ஆர்வம் வேலிக்கு வெளியே வாழ்கிறவர்களிடம் இல்லை. நண்பருடைய 'எதிர்காலமுள்ள ஊர்' பட்டியலைத் தயாரிக்கப் போனால், ஆட்தொகையும் பாடசாலை வரவும் பார்த்து, முதலில் வெட்டுப்படுவது அவர்கள்தான். துலாரேயின் அந்தச் சபை உறுப்பினர்களுக்காவது வாக்குக் கேட்டு மீண்டும் வரவேண்டிய கட்டாயம் இருந்தது. எங்களை யார் தெரிவு செய்தார்கள்? எங்களை யார் விலக்க முடியும்?

இனி முக்கியமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். அரசிடம் சேவையைக் கேட்பது அந்த அரசை அங்கீகரிப்பதாகாதா? இதை வெறும் தர்க்கமாகப் பேசினால் விடியாது. குமுதினியை நினைத்துப் பார்க்கலாம். நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவானுக்கும் இடையே ஓடிய அரச படகு அது. 1985 மே 15ஆம் திகதி கடலில் அதை மறித்த கடற்படையினர், குழந்தைகள் பெண்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். படகு அரசின் படகு, கொன்றவர்கள் அரசின் ஆட்கள். அந்தப் படகைத் திருத்தி மீண்டும் ஓடவிட்டார்கள். நெடுந்தீவுச் சனம் அதில் ஏறியது. பின்னாளில் அது பழுதாகிக் கரையில் கிடந்தபோதெல்லாம், திருத்து, ஓடவிடு என்று கேட்டதும் அதே சனம்தான். ஒவ்வொரு மே 15இலும் இறந்தவர்களை நினைவு கூருவதும் அவர்கள்தான். அவர்கள் அரசை மன்னித்துவிட்டார்களா? அங்கீகரித்துவிட்டார்களா? படகு எங்களுடையது, அதை ஓட்டுவது உன் கடமை, செய்த கொலைக்கு நீ பதில் சொல்லத்தான் வேண்டும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிற அரசியல் அது. அந்தக் கடலைத் தாண்டத் தேவையில்லாத எங்களுக்குத்தான் இது முரண்பாடாகத் தெரிகிறது.

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் பெரும்பாலோர், நான் உட்பட, 1945இல் வந்த இலவசக் கல்வியின் பிள்ளைகள் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். எங்களைப் படிப்பித்த காசும் அந்த அரசிடமிருந்தே வந்தது. அதை வாங்கியதால் எங்களில் யாரும் அதன் அடிமைகளாகவில்லை; அதை எதிர்த்து எழுதக் கற்றுக்கொண்டோம்.

கேட்பது சுகமான வேலையல்ல. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுத் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. கடல்நீரைச் சுத்திகரிக்கலாம் என்று தாளையடிக்குப் போனபோது கடற்றொழிலாளர்கள் எதிர்த்தார்கள். அங்கேயும் நியாயம் இருந்தது. 2024 ஓகஸ்டில் தாளையடி நிலையம் திறக்கப்படுகிறவரை பத்து வருடத்துக்கு மேலாக நடந்த அந்த வாக்குவாதத்தில், எங்களிடையே நடந்த கதை என்ன? யார் காட்டிக்கொடுத்தார்கள் என்பதைத் தவிர, குழாய் எந்தக் கிராமத்துக்குப் போகும், மாதக் கட்டணம் எவ்வளவு, கூலிக்காரக் குடும்பம் அதை எப்படிக் கட்டும் என்று எந்தச் சஞ்சிகையிலாவது ஒரு கட்டுரை வந்ததா? இந்தச் சஞ்சிகையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

கலிபோர்ணியாவில் மாற்றம் எப்படி வந்தது என்பதும் இதோடு சம்பந்தப்பட்டது. பள்ளத்தாக்கின் தோட்டத் தொழிலாளப் பெண்கள் கலங்கல் தண்ணீரைப் போத்தலில் நிரப்பிக்கொண்டு சக்ரமென்ரோவுக்குப் பஸ்ஸில் போனார்கள், வருடக் கணக்காக. 2012இல் குடிநீர் மனித உரிமை என்று சட்டம் வந்தது. அமெரிக்க மாநிலங்களில் அதுவே முதலாவது. அதில் ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை. 2014இன் வரட்சியில் கிழக்குப் போர்ட்டர்வில்லில் நூற்றுக்கணக்கான கிணறுகள் வற்றி, சனங்கள் வாளியோடு நின்ற படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 2019இல்தான் வருடத்துக்கு 13 கோடி டொலர் வரை, 2030 வரைக்கும், என்று நிதிச் சட்டம் நிறைவேறியது. அதன் விசேடம் தொகையல்ல. நிலையத்தைக் கட்ட மட்டுமன்றி ஓட்டவும் அந்தப் பணத்தைச் செலவிடலாம். லனேரில் தோற்ற இடம் எதுவோ அங்கே கை வைத்தார்கள். வேலை முடிந்துவிடவில்லை: பாதுகாப்பற்ற நீரமைப்புகளை நம்பி ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இருப்பதாக 2022இல் மாநிலக் கணக்காய்வாளர் அறிக்கையிட்டார்.

பிறீமொன்ற்றில் என் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு யொசமிற்றி மலைகளிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கின் வடபகுதியைக் குழாயில் கடந்து வருகிறது. 1913இல் மத்திய அரசு இயற்றிய சட்டத்தால், நகரமக்கள் பட்ட பொதுக்கடனால் கட்டியது. அந்த அணை கட்டப்பட்டபோது எனக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

போன மாதம் எங்கள் சங்கக் கூட்டத்தில் இரண்டு விடயங்களை முன்வைத்தேன். ஒன்று, பாடசாலை இயந்திரத்தின் சவ்வையும் மின்சாரக் கட்டணத்தையும் மூன்று வருடத்துக்குச் சங்கம் ஏற்பது. மற்றது, அந்த மூன்று வருடத்துக்குள் தீவுக்குக் குழாய்நீர் கேட்டு ஊர்ச் சனங்கள் பிரதேச சபையோடும் நீர்வழங்கல் சபையோடும் நடத்துகிற வழக்கு, மனு, போக்குவரத்துச் செலவுகளுக்குக் கோபுரத் திருப்பணி நிதியிலிருந்து ஒரு பங்கை ஒதுக்குவது. முதலாவது நிறைவேறியது. இரண்டாவதற்கு ஆதரவாக ஆறு, எதிராகப் பதினொன்று. இது அரசியல், சங்கம் அரசியலில் இறங்காது என்றார் தலைவர். அதைக் கூட்டக் குறிப்பில் அப்படியே பதியும்படி கேட்டேன். செயலாளர் பதிந்துகொண்டார்.